திருநாட் படையலின் வரலாறு

சென்ற மார்கழித் திருவாதிரைக்குச் சின்னாள் முன்னர், எம்மூரில் திருமுறை ஓதும் அன்பர் சிலர் எம் இல்லம் போந்து ஒரு வழக்கினை எம்முன் வைத்தனர். ஆதிரைக் களிக்குத் துணையாக ஆக்கப்படும் ஏழுகறிக் கூட்டில் முந்திய ஆண்டு உருளைக்கிழங்கும் காரட்டும் கலக்கப்பட்டன என்றும், அதனைக் கண்ட முதியோர் இருவர் இலையினின்றும் எழுந்துவிட்டனர் என்றும், இவ்வாண்டும் அவ்வாறு நிகழாவண்ணம் சைவமரபு இன்னதென நூல்வழி ஆராய்ந்து ஒரு முடிபு கூறுதல் வேண்டும் என்றும் கேட்டனர். கூட்டில் இட்ட கிழங்கின்பொருட்டு அடியார் இருவர் பந்தியினின்று எழுந்தமை சிறிய செய்தியன்று. ஆகலின், நூல் பார்த்துச் சொல்லுவதாக ஒப்புக்கொண்டோம். அஃது எளிய செயல் என்றே அப்பொழுது எண்ணினோம்.

முதற்கண் களியையே எடுத்துக்கொள்வோம். ஆதிரைநாளிற் களி படைத்தற்குச் சேந்தனார் வரலாற்றினை யாவரும் காரணங் காட்டுவர். விறகு விற்று அடியார்க்கு அமுதளித்துப் பின் தாம் உண்ணும் நோன்பினராகிய சேந்தனார், மழையால் விறகு நனைந்து விலைபோகாத ஒரு நாளில், கிடைத்த மாவினைக் களியாகக் கிண்டி வைத்திருந்தார் என்பதும், கூத்தப்பெருமான் அடியார் வேடந்தாங்கி வந்து அதனை அமுதுசெய்தான் என்பதும், மறுநாட் காலையில் தில்லைத் திருக்கோயிலுட் களி சிதறிக் கிடக்கக் கண்டனர் என்பதும், ஓடாது நின்ற தேர் அவர் பல்லாண்டு பாடிய அளவில் ஓடிற்று என்பதும் சைவ இல்லங்களிற் பிள்ளைகளும் அறிந்தவையே.

இனி, இதற்கு நூற்சான்று யாது என்று நோக்கினோம். ஒன்பதாந் திருமுறையிலுள்ள திருப்பல்லாண்டில் ஆதிரைநாள் கூறப்படுகின்றது, களி கூறப்படவில்லை. சேந்தனார் அறுபத்துமூவருள் ஒருவரல்லராகலின், சேக்கிழார் பெருமான் அவர் வரலாற்றினை விரித்திலர். அவர்க்கு முற்பட்ட காலத்து ஆதிரைவிழா எங்ஙனம் நிகழ்ந்தது என்பதற்கு அப்பர் பெருமான் ஆரூர் ஆதிரைநாளைச் சிறப்பித்து அருளிய திருப்பதிகம் ஒன்றே சாலும். விதானமும் கவரியும் பலதிறத்து அடியாரும் அதன்கண் உளர், களியைப்பற்றிய பேச்சில்லை. திருஞானசம்பந்தப் பிள்ளையார் மயிலையில் அருளிய பூம்பாவைத் திருப்பதிகத்திற் பல திருநாட்கள் வரிசையாகக் கூறப்படுகின்றன. தைப்பூசத்திற்கு நெய் பூசிய புழுக்கலைக் குறித்தருளிய பிள்ளையார், ஆதிரைநாளுக்கு உணவொன்றும் குறித்திலர். கூறாமையால் இல்லை எனத் துணிதல் ஆராய்ச்சி நெறியன்று என்பதனை யாம் அறிவோம். ஆயினும், ஆதிரையைப் பாடிய மூவரும் களியைக் குறியாமையின், இவ்வழக்கம் அவர்க்குப் பின்னரே ஊரெங்கும் பரவியதாதல் வேண்டும் எனக் கருதுதல் தவறாகாது. களி என்னுஞ் சொற்கு மகிழ்ச்சி என்ற பொருளும் உண்டாகலின் ஆனந்தக்கூத்தனுக்கு அதுவே உரியது என்று விரிவுரையாளர் சிலர் நயங்கூறுவர். கேட்க இனிதாயிருப்பினும் அதனை வரலாறாகக் கொள்ளுதற்கில்லை.

சேந்தனார் கிண்டியது எந்த மாவு? அரிசிமா என்பார் ஒருசாரார். கேழ்வரகுமா என்பார் மற்றொருசாரார். இன்று எம் இல்லங்களிற் செய்யும் களியோ, பச்சரிசியைப் பொன்னிறமாக வறுத்து உடைத்து, சிறிது பயற்றம்பருப்புக் கூட்டி, வெல்லப்பாகிற் கிண்டி, தேங்காய்த்துருவலும் ஏலமும் நெய்யும் நெய்யில் வறுத்த முந்திரிப்பருப்பும் பெய்து இறக்குவது. விறகு விலைபோகாத வறியவர் குடிலில் இத்துணையும் இருந்தன என்று கருதுவார் யார்? களியென்ற பெயரும் ஆதிரையென்ற நாளும் நின்றன. பாத்திரத்தினுள் இருந்தது மாறிற்று. இம்மாற்றத்தை எண்ணும்போதெல்லாம் எமக்கு ஒரு நிகழ்ச்சி நினைவிற்கு வரும். அதனைப் பின்னர்க் கூறுவோம்.

இனிப் பொங்கலை நோக்குவோம். பழைய சான்றுகள் மிகுதியாக உடையது இவ்வுணவே. புறநானூற்றின் 168-ஆம் பாட்டு, கருவூர்க் கதப்பிள்ளைச் சாத்தனார் பிட்டங்கொற்றனைப் பாடியது. பன்றி கிளைத்த புழுதியிற் குறவர் உழாது வித்திய சிறுதினை முதிர்ந்தபோது, நல்ல நாளிற் புதிது உண்ணவேண்டி, மரையாவின் பாலை உலையேற்றிச் சந்தன விறகில் தினையைச் சமைத்து, முன்றிலில் வாழையிலையிற் பலர்க்கும் பகுத்தளிக்கின்றனர். புதிய விளைவு, பால், நல்ல நாள், முன்றில், வாழையிலை, பகுத்துண்டல் ஆகிய யாவும் இன்றைய பொங்கற்கு உரியவையே. ஆனால், உலையேற்றிய குழிசியோ முன்னர் மான்தசை புழுக்கிய புலால்நாற்றம் உடையது, புறம் கழுவப்படாதது. புலவர் இதனை இழிவாகவும் கூறவில்லை, மறைக்கவும் இல்லை. மலைவாழ்நர் வளமாகவே பாடுகின்றார்.

சைவராகிய எம்மனோர்க்கு இவ்விடம் சற்றுக் கூச்சந்தருவது. யாம் மடத்திற் பயின்ற நாளில் ஆசிரியர் இப்பாட்டினை நடத்தும்போது, அக்குழிசியைப் பற்றிய அடிகளை விரைந்து கடந்துவிடுவர். பின்னர் யாம் ஆசிரியத்தொழில் ஏற்றபோதும் அவ்வாறே செய்தோம். ஆயின், அவ்வாறு கடந்துபோதல் வரலாற்றுக்கு ஆகாது. பதினொராந் திருமுறையுட் சேர்ந்து விளங்கும் திருமுருகாற்றுப்படையிலேயே, ஆட்டுக்கிடாயின் குருதி விரவிய அரிசி முருகப்பெருமானுக்குப் பலியாக இடப்படுதல் கூறப்படுகின்றது. திருமுறையாகவே போற்றி நாம் நாள்தோறும் ஓதும் நூல் அது. சிலப்பதிகாரத்து இந்திரவிழவிற் காவற்பூதத்தின் பீடிகையில் மறக்குடி மகளிர் சொரிந்தவற்றுட் புழுக்கலும், நோலையும், நிணமுடைய மடையும், பொங்கலும் ஒருங்கே எண்ணப்படுகின்றன. நோலை என்பது எள்ளுருண்டை. எள்ளுருண்டை இன்றும் உண்டு. பொங்கல் இன்றும் உண்டு. அவற்றிடையே நின்ற நிணச்சோறு சைவர் திருநாளினின்றும் அகன்றது. அஃது அகன்றமைக்குச் சமணரும் பௌத்தரும் நாயன்மார் வழிவந்த அடியாரும் ஆகிய பலரும் காரணர். அம்மாற்றத்தை நாம் மாற்றமென்றே எண்ணுவதில்லை. தொன்றுதொட்டு வந்ததென்றே எண்ணுகின்றோம்.

குழிசிக்கும் ஒரு வரலாறு உண்டு. திருத்தக்கதேவர் சீவகசிந்தாமணியில், மங்கையர் மூட்டிய தீயிற் புதுக்கலத்துள் எழுந்து பொங்கும் தீம்பாற் பொங்கலை உவமையாக எடுத்தாளுகின்றார். புறநானூற்றுக் கழுவாக்குழிசி, சிந்தாமணியிற் புதுக்கலமாயிற்று. உவமையாகக் கூறின், கேட்போர் அனைவர்க்கும் அது நன்கு பழகிய காட்சியாதல் வேண்டும். ஆகவே, புதுப்பானையிற் பாற்பொங்கல் பொங்கவிடும் வழக்கம் அக்காலத்தே வேரூன்றிவிட்டது என்க. புதுமட்பானை எம் இளமைவரை மாறாது வந்தது. பின்னர்ப் பித்தளைப்பானை, அதன்பின் நகரத்து அடுக்ககங்களிற் குக்கர். குக்கரிற் பொங்கல் வெந்து ஒலியெழுப்பும், பொங்கி வழியாது. பால் வழியும் கணத்திற் கூவுதற்குரிய பொங்கலோ பொங்கலைக் குக்கரின் சீழ்க்கைக்குக் கூவுவது எங்ஙனம் என்று எம் பெயர்த்தி வினவினாள். விடை கூறத் தெரியவில்லை.

கார்த்திகைக்கும் இத்தகைய சான்றுண்டு. நக்கீரர் பாடிய அகநானூற்று 141-ஆம் பாட்டில், திங்கள் நிறைந்து அறுமீன் சேரும் நடுநாளில் தெருவெங்கும் விளக்கேற்றி மாலை தூக்கும் விழவு கூறப்பட்டு, அதனை அடுத்தே, புதுமணப்பெண் உள்ள மனையிற் பால் உலையேற்றப்படுதலும், மகளிர் நெற்கதிரை முறித்துப் பசிய அவல் இடித்தலும் வருகின்றன. இன்று கார்த்திகைக்குப் பொரியுருண்டையே பெரிது. வயலிற் பச்சைக்கதிரை முறித்து அவலிடிக்கும் இல்லங்களை யாம் கண்டதில்லை. நெல் என்ற முதற்பொருள் மட்டும் ஈராயிரம் ஆண்டுகளாக மாறவில்லை.

மோதகத்தைப் பற்றிச் சில சொற்களே கூறுவோம். மதுரைக்காஞ்சியில் இரவுக்கடை விற்போர் உள்ளீடு வைத்துப் பிடித்த மோதகத்தோடு காணப்படுகின்றனர். உரைகாரர் பருப்பையும் தேங்காயையும் உள்ளீடாகக் கூறுவர். ஆயின், தஞ்சைப் பெரியகோயிலில் முதலாம் இராசராசன் (985–1014) பிள்ளையார் கணபதியார்க்கு நிறுத்திய நிவந்தம் மோதகத்திற்கன்று, வாழைப்பழத்திற்கு. 360 காசு முதலாக வைத்து, அதன் பொலிசையால் நாள்தோறும் 150 பழம் அளிக்குமாறு கல்லில் வெட்டுவித்தான். கடைத்தெருவில் விற்கும் பண்டமாயிருந்தது எக்காலத்தில் ஆனைமுகனுக்கே உரிய படையலாயிற்று என்பது தனியே ஆராய்தற்குரியது.

இனி, அன்பர்கள் கேட்ட கூட்டுக்கு வருவோம். எம் மடத்து மடைப்பள்ளிக்குத் தலைவராயிருந்த முதியவர் ஒருவர் காய்கறிகளை நாட்டுக்காய், சீமைக்காய் என இருவகையாகப் பகுப்பர். சீமைக்காய் திருநாட் சமையலுள் நுழையலாகாது. உருளைக்கிழங்கை அவர் கையாலும் தொடார். அவர் நாட்டுக்காய் என்று ஆதிரைக்கூட்டில் இட்டவை அவரை, மொச்சை, கத்தரி, வாழைக்காய், சேப்பங்கிழங்கு, பரங்கிக்காய், சர்க்கரைவள்ளிக்கிழங்கு என்னும் ஏழும். யாம் அவற்றை நறுக்கிக்கொடுத்திருக்கின்றோம். ஆதலின், நன்கு நினைவுண்டு.

இவ்வேழனுட் பின்னிரண்டும் அமெரிக்க மண்ணிற்கு உரியவை. 1498-இல் வாஸ்கோ ட காமா கள்ளிக்கோட்டையில் இறங்கியபின், போர்த்துகேசியர் கப்பல்வழியாகப் புதிய உலகத்துச் செடிகள் பல இந்நாடு புகுந்தன. பரங்கிக்காய் தன் பெயரிலேயே பறங்கியரைச் சுமந்து நிற்கின்றது. உருளைக்கிழங்கும் அம்மண்ணிற்கே உரியது; ஆங்கிலேயர் காலத்தில், 19-ஆம் நூற்றாண்டில், நீலகிரிச் சாரலிற் பயிராகி நம் சந்தைக்கு வந்தது. ஒரே தாயகத்துப் பிறந்த மூன்றனுள் முன்வந்த இரண்டும் நாட்டுக்காயாயின. பின்வந்த ஒன்று சீமைக்காயாயிற்று. அம்முதியவர் தம் பாட்டனார் காலத்தில் இருந்தவற்றை நாட்டுக்காய் என்றார். அவர் அளவுகோல் அவ்வளவே. அதனைக் குறைகூற யாம் விரும்பவில்லை. நம்முள் யார்க்கும் அதனினும் நீண்ட அளவுகோல் இல்லை.

வந்த பொருளைத் தமிழர் ஏற்றுக்கொண்ட முறை ஒன்று ஈண்டுக் குறித்தற்குரியது. புதிய பொருளுக்குப் பழைய பெயரை அணிவித்தனர். காரத்திற்கு மிளகே முன்னிருந்தது; காரமுடைய புதிய காய் வந்தபோது அது மிளகாய் ஆயிற்று. பறம்புமலையின் வளங்கூறும் கபிலர் வள்ளிக்கிழங்கைக் குறிப்பர், அது கொடிவள்ளி. இனித்த புதிய கிழங்கு சர்க்கரைவள்ளியாகவும், செடியாக நின்ற மற்றொன்று மரவள்ளியாகவும் அதன் சுற்றத்துள் சேர்க்கப்பட்டன. கடலை முன்னர் உண்டு. நிலத்தின்கீழ்க் காய்த்தது நிலக்கடலையாயிற்று. அதற்கே மணிலாக்கொட்டை என்ற பெயரும் வழங்கிற்று. அது வந்த வழியை அப்பெயர் காட்டும். அருணகிரிநாதர் திருப்புகழில் ஆனைமுகனுக்குரிய படையல்களை அடுக்கிக் கூறுமிடத்துக் கரும்பு, அவரை, எள், பொரி, அவல், துவரை, இளநீர், பயறு, அப்பம், பிட்டு முதலியவற்றோடு கடலையும் வருகின்றது. அவர் 15-ஆம் நூற்றாண்டினராகலின், அது கொண்டைக்கடலையே. அப்பாட்டினைப் பாடிக்கொண்டே நிலக்கடலையைச் சுண்டலாக்கிப் படைக்கின்றோம். பாட்டும் பிழைபடவில்லை, படையலும் பிழைபடவில்லை.

முந்திரி என்ற சொல் நம் பழைய கணக்கில் முந்நூற்றிருபதில் ஒருபங்காகிய கீழ்வாயிலக்கத்திற்குப் பெயர். முந்திரிப்பருப்போ பிரேசில் நாட்டு மரத்தது, போர்த்துகேசியராலேயே வந்தது. ஆகவே, முந்திரியிட்ட சர்க்கரைப்பொங்கலைச் சோழவேந்தர் எவரும் உண்டிலர் எனத் துணிந்து கூறலாம்.

இவ்வாறு கூறக்கேட்ட அன்பருள் ஒருவர், “அற்றேல், கரும்பும் வெல்லமுமாவது நம்முடையனவா?” என்று வினவினர். அதற்கும் ஔவையாரே விடை தந்திருக்கின்றார். அதியமான் நெடுமானஞ்சியைப் பாடுங்கால், பெறற்கரிய கரும்பினை இந்நாட்டிற்குக் கொணர்ந்தவர் அவன் முன்னோர் என்று 99-ஆம் புறப்பாட்டிற் கூறுகின்றார். பொங்கற்பானையின் இருமருங்கும் நாம் நிறுத்தும் கரும்பு, சங்கத்தார் நினைவிலேயே வந்தேறிய பயிர். வெல்லத்திற்கு முன் இனிப்பு எதுவென்றால், தேனும் பனையின் கட்டியும் என்பர். வெள்ளைச் சர்க்கரையை எம் தென்னாட்டார் சீனி என்பர். சீனநாட்டுத் தொடர்பு அப்பெயரில் விளங்கும். ஆலைச் சர்க்கரை நெல்லிக்குப்பத்தில் 1842-இல் தொடங்கிய ஆலைபோல்வனவற்றால் ஊர்தோறும் மலிந்தபின், திருநாட் பண்ணிகாரங்கள் பலவற்றின் நிறமே மாறிற்று. அதிரசம் மட்டும் வெல்லத்தை விடவில்லை. அதனைச் சீனியிட்டுச் செய்து தோல்வியுற்ற இல்லங்கள் பல. பாகின் பதம் அதற்கு இணங்குவதில்லை. 15, 16-ஆம் நூற்றாண்டுத் திருமலைக் கல்வெட்டுக்களில் அதிரசப்படி, அப்பப்படி, சுகியன்படி, வடைப்படி எனத் தனித்தனிக் கட்டளைகள் காணப்படுதலின், அதிரசத்தின் பழைமை ஐயத்திற்கு இடமின்றித் தெரிகின்றது.

பெயர் நிற்கப் பொருள் மாறுதற்குப் பழனிப் பஞ்சாமிர்தத்தினும் தெளிவான சான்று வேண்டா. ஐந்து அமுதங்கள் என்று பொதுவாக எண்ணப்படுவன பால், தயிர், நெய், தேன், சர்க்கரை. பழனியிற் பாலும் தயிரும் இல்லை. மலைவாழைப்பழம், வெல்லச்சர்க்கரை, தேன், நெய், பேரீச்சம்பழம், கற்கண்டு, ஏலம் என்பன உண்டு; எண்ணின் ஐந்தினும் மிகும். குருதிவிரவிய அரிசியேற்ற முருகவேள் இன்று அதனை ஏற்கின்றான். 2019-ஆம் ஆண்டில் அரசினர் அதற்குப் புவிசார் குறியீடும் வழங்கினர். இனி அதன் செய்முறை மாறாதென நம்பலாம் போலும்!

இதுவரை பொருள் மாறியதைக் கூறினோம். மாற்றத்தின் காரணங்களுட் கப்பல் ஒன்று. அதனினும் வலியதொன்று உண்டு. எம் இளமையிற் புன்செய் ஊர்களில் நெல்லுச்சோறு திருநாளுக்கே உரியது. ஆண்டு முழுதும் கம்பும் சோளமும் கேழ்வரகும் உண்டவர், தீபாவளிக்கும் பொங்கற்கும் நெற்சோறு உண்பர். இட்டலியும் தோசையும் அவ்வூர்ப் பிள்ளைகளுக்குத் திருநாட் பண்டங்கள். தீபாவளி விடியலில் தோசைமணத்தைக் கேட்டு எழுந்த மகிழ்ச்சியை எம் ஆசிரியரொருவர் முதுமையிலும் கூறிக் கண்கலங்குவர். 1966-இல் ஐ.ஆர். 8 முதலிய குறுகியகால நெல்வகைகள் வந்து, பின்னர் நியாயவிலைக்கடையிலும் அரிசி மலிந்தபின், நாள்தோறும் நெற்சோறாயிற்று. நாளுணவு திருநாளுணவின் இடத்தைப் பற்றிக்கொள்ளவே, திருநாளுணவு வேறிடம் தேடிற்று. நெய்யும் சீனியும் முந்திரியும் மிகுந்தன. பின்னர் அவையும் நாளுணவாயின. இன்று நகரத்தார் கேழ்வரகையும் தினையையும் சிறுதானியம் என்று அரிசியினும் மிக்க விலை கொடுத்து வாங்குகின்றனர். 2023-ஆம் ஆண்டை ஐக்கிய நாடுகள் அவை சிறுதானிய ஆண்டாகவே கொண்டாடியது.

அரிவாட்டாய நாயனார் புராணத்தை இவ்விடத்து நினைத்தல் தகும். கணமங்கலத்து அவ்வடிகள் இறைவனுக்குச் செந்நெல்லரிசியும் செங்கீரையும் மாவடுவும் அமுதாக நியமித்தவர். வளங்குன்றிக் கூலிக்கு நெல் அறுத்தபோதும், கூலியாகப் பெற்ற செந்நெல்லை இறைவனுக்கே ஆக்கிக் கார்நெல்லைத் தாம் கொண்டனர். கார்நெல்லும் இன்றிச் செந்நெல்லே கிடைத்தபோது, அனைத்தையும் திருவமுதுக்கே ஆக்கித் தாம் கீரை உண்டிருந்தனர். இறைவனுக்கு ஒருநெல், தமக்கு ஒருநெல் என்ற வரையறை அவர்க்கு இருந்தது. நமக்கு அஃதில்லை. படைப்பதும் உண்பதும் ஒரே ஆலையில் தீட்டிய வெள்ளரிசி. பரங்கியா உருளையா என்று வழக்கிடும் நாம், அரிவாட்டாயர் செந்நெல் எங்கே போயிற்று என்று கேட்பதில்லை.

அற்றேல், எதனையும் படைக்கலாமோ எனின், திருக்கோயில் வேறு, இல்லம் வேறு. ஆகமநெறியில் நிகழும் மடைப்பள்ளியில் நியதி உண்டு. அதனைக் காத்தல் வேண்டும். பல பழைய கோயில்களின் மடைப்பள்ளியுள் மிளகாய் இன்றும் புகவில்லை. தில்லையிற் கூத்தப்பெருமான் அமுதுசெய்யும் சம்பாச்சோறு மிளகும் நெய்யும் பெய்தது. அந்நியதியால், ஐந்நூறு ஆண்டுக்கு முன் தமிழர் நாவறிந்த சுவையொன்று சிதையாது நிற்கின்றது. சுவடி காப்பதுபோன்ற தொண்டு அது. இல்லத்துப் படையலுக்கோ அத்தகைய கட்டளையில்லை. ஊனைச் சுவைபார்த்துப் படைத்த கண்ணப்பரையும், விதைத்த நெல்லை நள்ளிரவில் வாரிவந்து அமுதாக்கிய இளையான்குடிமாறரையும் வணங்கும் நாம், ஏழுகறியுள் ஒன்றன் பிறப்பிடம் ஆராய்ந்து அடியாரை இலையினின்று எழுப்புதல் எவ்வாறு பொருந்தும்? ஒரு பச்சிலை சாலும் என்றன்றோ திருமூலர் அருளினார்?

எமக்கும் ஒரு வெறுப்பு உண்டு, அதனை மறைக்கவில்லை. திருவாதிரைக் களிமா என்று பொட்டலத்தில் விற்கப்படுவதை வெந்நீரிற் கொட்டி இறக்குவது எமக்கு உடன்பாடன்று. அதன்கண் உள்ள பொருள்கள் யாவும் மரபானவையே, குறைகூற ஒன்றுமில்லை. ஆயினும், அரிசி வறுபடும் மணம் இல்லாத ஆதிரைவிடியலை எம்மால் ஏற்க இயலவில்லை. இது நூல்வழக்கன்று, கிழவனது பழக்கம் என்று அன்பர் தள்ளிவிடலாம்.

முன்னர்க் கூறுவதாகச் சொன்ன நிகழ்ச்சி 1982-ஆம் ஆண்டு மார்கழியில் நடந்தது. அவ்வாண்டு மழை பொய்த்தது. யாம் மடத்துப் படிப்பு முடித்துப் பண்டிதரெனப் பெயர்பெற்ற புதிது. ஊர்ச் சிவன்கோயில் முன்மண்டபத்தில் இல்லந்தோறும் கொணர்ந்த களியைத் திரட்டி அடியார்க்கு வழங்குவது வழக்கம். திரட்டும் பொறுப்பு எமக்கு. முதியாள் ஒருத்தி சிறு மண்சட்டியிற் கேழ்வரகுக் களி கொணர்ந்தாள். கறுத்த நிறம், வெல்லமும் குறைவு. அருகிருந்த பெண்டிர் தம்முள் நகைத்தனர். யாம், “ஆதிரைக்குப் பச்சரிசிக் களியே முறை, இதனைச் சேர்த்தற்கில்லை” என்று கற்றவன் குரலிற் கூறினோம். அவள் சினந்திலள். சட்டியைக் கீழே வைத்துவிட்டு, “சேந்தனாரு கையில இருந்தது என்ன மாவுன்னு ஐயா பாத்தீங்களா?” என்று கேட்டாள். யாம் வாய்திறக்குமுன் சட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். மறு ஆதிரைக்கு அவள் வரவில்லை. அதற்கு அடுத்த ஆதிரைக்கு அவள் இல்லை.

அவ்வினாவிற்கு விடை தேடியே திருப்பல்லாண்டையும் ஆரூர்த் திருப்பதிகத்தையும் பூம்பாவைத் திருப்பதிகத்தையும் களியின்பொருட்டு முதன்முதல் புரட்டினோம். நாற்பது ஆண்டுகளுக்கு மேலாயின, விடை அகப்படவில்லை.

அன்பர்களிடம் இவையெல்லாம் கூறி, உருளைக்கிழங்கை விலக்குவதாயின் பரங்கியையும் சர்க்கரைவள்ளியையும் உடன் விலக்குக, அன்றேல் மூன்றனையும் கொள்க என்றோம். பரங்கியில்லாக் கூட்டா என்று இலையினின்றெழுந்த முதியோருள் ஒருவரே நகைத்துவிட்டார். மூன்றும் சேர்ந்தன, காரட்டு மட்டும் நிறம் ஒவ்வாதெனப் பெண்டிர் தாமே விடுத்தனர். எம் இல்லத்தினின்று இவ்வாதிரைக்குச் சென்றது கேழ்வரகுக் களி. பந்தியில் அதனை யார் உண்டனர், யார் ஒதுக்கினர் என்று யாம் நோக்கவில்லை. சட்டி வெறுமையாகவே திரும்பி வந்தது.